திண்டுக்கல் பூட்டும் இஞ்சினீயர் பரிசும்

செப்டம்பர் 15-ந் தேதி நமது தேசமெங்கும் இஞ்சினீயர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1861-ம் வருஷம் மைசூர்ச் சீமையில் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்த ஸ்ரீ மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் ஜன்ம தினம் அது. பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில், வெள்ளம் வரும்போது தாமே திறந்து, வடியும்போது தாமே மூடிக்கொள்ளும் மதகுகளை 1903-ல் அமைத்தவர் அவர். காவிரியில் கிருஷ்ணராஜசாகரம் அணை எழுவதற்கும் அவரே மூலபுருஷர். 1955-ம் வருஷம் சுதந்திர பாரதம் அவருக்குப் பாரத ரத்னப் பட்டம் அளித்து, அதனால் தன்னையே கௌரவித்துக்கொண்டது. அதே செப்டம்பர் 15-ந் தேதியன்றுதான், 1985-ம் வருஷத்தில், மதுரையிலிருந்து திண்டுக்கல் பிரிக்கப்பட்டுத் தனி ஜில்லாவாயிற்று.

இவ்விரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயலே. ஆயினும் அத்தற்செயலிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. இஞ்சினீயர்களைப் போற்றும் அந்நன்னாளில், திண்டுக்கல்லில் நாம் போற்றவேண்டிய இஞ்சினீயர் யார்? நமது விடை இது: நாகல்நகரிலும், நல்லாம்பட்டியிலும், குடைப்பாறைப்பட்டியிலும், ஒரு சிறு பட்டறையில் அரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூட்டுத் தொழிலாளியே அவர். அவருக்குச் சர்வகலாசாலைப் பட்டமில்லை. அவர் பெயர் எந்தப் பதக்கத்திலும் பொறிக்கப்படவில்லை. ஆனால் அவர் கைவேலையை நம்பித்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களும், சர்க்கார் ஆபீஸுகளும், குடும்பஸ்தர்களும் இரவில் நிம்மதியாகக் கண் மூடினார்கள். அவருக்கு நாம் செய்யவேண்டியது என்ன என்பதே இன்று நாம் ஆராய முற்பட்ட விஷயம்.

உலகத்தில் இஞ்சினீயர் தொழிலுக்குப் பரிசுகள் இல்லாமலில்லை. இங்கிலாந்தில் எலிஸபெத் ராணியின் பெயரால் ஒரு பெரும் பரிசு ஏற்படுத்தப்பட்டு, 2013-ல் முதன்முறையாக வழங்கப்பட்டது. இன்டர்நெட் என்னும் செய்தி வலையையும் அதன்மேல் எழுந்த உலக வலையையும் படைத்த ஐவர் அதைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது பரிசுத் தொகை 10 லட்சம் பவுன். 2021-ல் சிக்கனமாக ஒளி தரும் எல்.இ.டி. விளக்கை உருவாக்கியவர்களுக்கும், 2024-ல் காற்றாலை மின்சாரத்தை வளர்த்த இருவருக்கும் அப்பரிசு சென்றது. நமது நாட்டிலும் விசுவேசுவரய்யாவுக்குப் பின், இராமேசுவரத்தில் பிறந்து சென்னையில் விமான இஞ்சினீயரிங் பயின்ற டாக்டர் அப்துல் கலாம் 1997-ல் பாரத ரத்னமானார். 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் முதன்முறையாக வழங்கப்பட்ட ராஷ்டிரிய விஞ்ஞானப் பரிசுகளில், குழுவுக்குரிய பரிசு சந்திரயான்-3 குழுவினருக்குக் கிடைத்தது. அதன் திட்ட இயக்குநரான ஸ்ரீ வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்த தமிழர் என்பதை எண்ணும்போது நமது நெஞ்சு பூரிக்கிறது.

இவையெல்லாம் போற்றத்தக்கவையே. இவற்றில் ஒன்றையும் நாம் குறைகூற வரவில்லை. ஆனால் பரிசுகளில் இரண்டு ஜாதி உண்டு என்பதை நமது வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஒன்று, காரியம் முடிந்தபின் போடும் மாலை. மற்றொன்று, காரியம் தொடங்குமுன் வைக்கும் பரீக்ஷை. முன்னது வென்றவரைக் கௌரவிக்கிறது. பின்னது வெல்லப்போகிறவரைத் தேடுகிறது. சந்திரனை எட்டியவருக்கு மாலை போதும். மெலிந்துவரும் ஒரு கைத்தொழிலுக்கோ, மாலையால் உயிர் வராது. அதற்கு வேண்டியது பரீக்ஷையே. இந்த உண்மையைப் பூட்டின் சரித்திரத்தைப்போல் தெளிவாக எடுத்துக்காட்டுவது வேறொன்றுமில்லை.

1817-ம் வருஷம் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக் கப்பல் பட்டறையில், கள்ளச்சாவி போட்டுத் திறந்து ஒரு திருட்டு நடந்தது. உடனே அந்நாட்டுச் சர்க்கார், தனக்குரிய சாவியைத் தவிர வேறொன்றாலும் திறக்கவொண்ணாத பூட்டைச் செய்து தருவோருக்கு 100 பவுன் வெகுமதி என்று அறிவித்தார்கள். மறு வருஷமே ஜெரமையா சப் என்பவர் அதை வென்றார். அவர் செய்த பூட்டில் யாராவது கள்ளச்சாவியை இட்டுத் துழாவினால், பூட்டு அப்படியே இறுகி நின்று, உடையவனுக்குத் திருட்டு முயற்சியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சோதிக்க வந்தவன் யார் தெரியுமா? சிறைக் கப்பலில் அடைபட்டிருந்த ஒரு கைதி. பூட்டுத் தொழிலில் கைதேர்ந்தவன். திறந்துவிட்டால் விடுதலை என்று சர்க்கார் வாக்களித்தார்கள். அதன்மேல் 100 பவுன் தருவதாகச் சப்பும் சொன்னார். விடுதலைக்காகவே முயன்றும், மாதக்கணக்கில் பாடுபட்டும், அவன் தோற்றான். இப்படியொரு பரீக்ஷையில் தேறிய பண்டத்துக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் எதற்கு?

அதற்கும் முன்பே லண்டனில் ஜோஸப் பிராமா என்பவர், தமது பூட்டைச் சாவியின்றித் திறக்கும் கருவியைச் செய்வோருக்கு 200 கினி தருவதாக எழுதி, அப்பூட்டைக் கடை ஜன்னலிலேயே வைத்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதை ஒருவரும் அசைக்கவில்லை. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர், சப்பின் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்துவிட்டார். பிராமாவின் பூட்டை 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்து வெகுமதியைப் பெற்றார். ஆங்கிலப் பூட்டுக்காரர்களுக்கு இது பெருத்த அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அவமானமே அவர்களை விழிக்கச் செய்தது; பூட்டின் உள்ளமைப்பைத் திருத்தி அவர்கள் மேலும் முன்னேறினார்கள். பரீக்ஷையில் தோல்வியும் லாபமே என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு அத்தாட்சி வேண்டுமோ?

இதில் இன்னொரு செய்தி உண்டு. பிராமாவின் பூட்டு மிக நுட்பமானது. கையால் மட்டும் செய்தால் விலை கட்டாது. ஆகவே அவர் ஹென்றி மாட்ஸ்லே என்ற 18 வயதுத் தொழிலாளியைச் சேர்த்துக்கொண்டார். அவ்விளைஞன் பூட்டின் உறுப்புகளை அச்சுப் பிசகாமல் செய்யும் யந்திரங்களை அமைத்தான். எட்டு வருஷம் உழைத்தபின், வாரத்துக்கு 30 ஷில்லிங் கூலிக்கு மேல் கேட்டான், முதலாளி மறுத்தார். 1797-ல் அவன் வெளியேறித் தனிப் பட்டறை வைத்தான். உலகத்தின் யந்திரத் தொழிலுக்கே தாயாகிய நுட்பக் கடைசல் யந்திரங்கள் அப்பட்டறையில்தான் உருவாகிச் சிறந்தன. விட்வொர்த், நாஸ்மித் முதலிய பெரிய இஞ்சினீயர்கள் அங்கேதான் தொழில் கற்றார்கள். பூட்டுப் பட்டறையிலிருந்து ஒரு தேசத்தின் யந்திர பலமே கிளம்பிற்று என்றால் அது மிகையாகாது. தொழிலாளியின் மதிப்பை உணராதவன் எதை இழக்கிறான் என்பதும் இக்கதையிலிருந்தே விளங்கும்.

இதெல்லாம் சீமைக் கதை. நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது தேசத்துக் கதையையும் சொல்லுகிறோம். 1929-ம் வருஷம் ஜூலை மாதத்தில், மகாத்மா காந்தியின் தலைமையில் இயங்கிய அகில இந்திய சர்க்கா சங்கத்தார், சிறந்த ராட்டினம் ஒன்றைக் கண்டுபிடிப்போருக்கு ரூ. 1 லட்சம் பரிசு என்று பிரகடனம் செய்தார்கள். அக்காலத்தில் ஒரு லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். தொகையைவிட அதற்கு விதித்த நிபந்தனைகளே நமக்கு முக்கியமானவை. ராட்டினம் எளிதில் எடுத்துச் செல்லத்தக்கதாயிருக்கவேண்டும். கிராமத்துக் குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத்தக்கதாயிருக்கவேண்டும். ஒரு பெண் அதிகச் சிரமமின்றி எட்டு மணி நேரம் வேலை செய்து, 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூலில் 16,000 அடி நூற்கவேண்டும். விலை ரூ. 150-க்கு மேற்படக்கூடாது. இருபது வருஷம் உழைக்கவேண்டும். 1930-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி வரை கெடு.

அப்பரிசை ஒருவரும் வெல்லவில்லை. ஆகவே அது வீண் முயற்சி என்று சொல்லிவிடலாமா? கூடாது. யந்திரம் யாருக்காக என்ற கேள்விக்கு அந்நிபந்தனைகள் விடையளித்தன. ஏழைப் பெண்ணின் முதுகும், குடிசையின் அகலமும், குடும்பத்தின் பணப்பையும் இஞ்சினீயருக்கு அளவுகோல்களாக வைக்கப்பட்டது நாமறிய அதுவே முதல் தடவை. கெடு கழிந்து வருஷங்கள் சென்றன. பின்னர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்ற தமிழரே, பல வருஷம் பாடுபட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களுள்ள புதிய ராட்டினத்தை உருவாக்கினார். அவர் பெயரை ஒட்டியே அது அம்பர் சர்க்கா என வழங்கலாயிற்று. 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திலும் இடம் பெற்றது. பரிசுப் பணம் அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் எதைத் தேடவேண்டும் என்பதை அப்பரிசு தேசத்துக்குக் கற்பித்திருந்தது.

நிற்க. இப்பொழுது திண்டுக்கல்லுக்கு வருவோம். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையே, மலைக்கோட்டையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் அவ்வறண்ட சமவெளி, நெல்லால் மட்டும் பிழைக்கும் பூமியன்று. சுருட்டும், தோலும், சின்னாளபட்டிச் சேலையும், பூட்டும் அங்குள்ளோருக்குச் சோறு போட்டன. அவற்றுள் பூட்டுத் தொழில் நூறு வருஷங்களுக்கும் மேற்பட்டது. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, இழுப்பறைப் பூட்டு என்று பலவகைகள் அங்கே செய்யப்படுகின்றன. வேறொருவர் திறக்க இயலாதபடி சூட்சுமம் வைத்த தந்திரப் பூட்டுகளும் உண்டு.

இப்பூட்டின் வயிற்றைத் திறந்து பார்த்தால், அது ஏன் இஞ்சினீயர் வேலை என்பது புலப்படும். உள்ளே லீவர் என்னும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சிறு வில் கீழ்நோக்கி அழுத்துகிறது. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கவேண்டும். எல்லாத் தகடுகளின் வெட்டுவாய்களும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால்தான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை அதிகம் உயர்ந்தாலும், மயிரிழை குறைந்தாலும், தாழ் அசையாது. 1778-ல் இங்கிலாந்தில் பாரன் என்பவர் பேடண்ட் பெற்றதும், சப் வளர்த்ததும் இந்தத் தத்துவத்தைத்தான். அதைத் திண்டுக்கல் தொழிலாளி இரும்புத் தகட்டிலும் பித்தளைத் தகட்டிலும், பெரும்பாலும் கையாலேயே, கண்ணளவிலும் விரலுணர்விலும் செய்துவிடுகிறார். ஒரு பூட்டின் சாவி மற்றொன்றுக்குச் சேராதபடி அரத்தால் ராவி அமைக்கும் அந்த நுட்பத்தை எந்தக் கலாசாலையும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட தொழில் இன்று நலிந்துவருகிறது. அலிகாரிலிருந்து யந்திரத்தால் ஆயிரக்கணக்கில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து கடைத்தெருவை நிரப்புகின்றன. கையால் ஒரு பூட்டைச் செய்ய ஆகும் நேரத்துக்கும் அதற்குக் கிடைக்கும் கூலிக்கும் பொருத்தமில்லை. தகப்பனார் பட்டறையில் இருக்க, மகன் மில்லுக்கோ, திருப்பூருக்கோ, சென்னைக்கோ போகிறான். அவனை நாம் குறைகூற மாட்டோம். வயிறு நிரம்பாத தொழிலில் நிலைத்திருக்கும்படி ஒருவனுக்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் கைதேர்ந்த கிழவர் ஒருவர் கண் மூடும்போது அவரோடு எத்தனை பூட்டுகளின் சூட்சுமம் மண்ணுக்குள் போகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வரைபடமில்லாத வித்தைக்கு வாரிசு இல்லாவிட்டால், அது ஒரே தலைமுறையில் அழியும்.

2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாதத்தில் அந்த ஜில்லாவைச் சேர்ந்த பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அது கிடைத்தது. ஊரெங்கும் மகிழ்ச்சி உண்டாயிற்று, அது நியாயமே. இதற்கு ஆதாரமான சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி அமுலுக்கு வந்தது. இங்கும் அதே தேதி! ஆனால் இக்குறியீடு என்ன, என்னவன்று என்பதை ஜனங்கள் தெளிவாக உணரவேண்டும். பிற ஊரில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டென்று பொய் சொல்லி விற்பதை அது தடுக்கிறது. அவ்வளவே. பூட்டை அது மேம்படுத்துவதில்லை; வாங்குவோரைக் கொண்டுவருவதில்லை; செய்தவருக்குக் கூலியை உயர்த்துவதில்லை. மேலும், அங்கீகரிக்கப்பட்ட உபயோகஸ்தராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டவருக்கே அக்குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. மனுவும் கட்டணமும் அறியாத தொழிலாளி இதனால் என்ன பயன் அடைவார்? வேலி கட்டியாகிவிட்டது, உள்ளே பயிருக்குத் தண்ணீர் இல்லை. இதுதான் இன்றைய நிலைமை.

ஆகவே நாம் சொல்லுவது இது. திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு வருடாந்தர இஞ்சினீயர் பரிசு ஏற்படுத்தப்படவேண்டும். அது பொன்னாடையும் கேடயமுமாக முடிந்துவிடாமல், உண்மையான பரீக்ஷையாக அமையவேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரியத்தை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். ஒரு வருஷம், கடல் காற்றில் துருப்பிடிக்காத பூட்டு. மறு வருஷம், ஏழைக் குடும்பம் வாங்கத்தக்க விலையில் கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு. மற்றொரு வருஷம், கண் பார்வையற்றவர் தடவிப் பார்த்தே பூட்டவும் திறக்கவும் கூடிய பூட்டு. காந்தியடிகளின் சங்கத்தார் விதித்ததுபோலவே விலை, எடை, உழைக்கும் காலம் ஆகியவற்றைக் கணக்கிட்டு நிபந்தனைகளை வகுக்கவேண்டும். செப்டம்பர் 15-ந் தேதி, திண்டுக்கல் நகரத்தில், ஜனங்களின் முன்னிலையில் சோதனை நடக்கவேண்டும். அலிகார்க் கைவினைஞர்களையே அழைத்து, எங்கள் பூட்டைத் திறந்து பாருங்கள் என்று சொல்லவேண்டும். திறந்தால் அவர்களுக்கும் வெகுமதி கொடுக்கவேண்டும். அவர்கள் நமக்குப் பகைவரல்லர். ஒரே தேசத்தின் ஒரே தொழிலைச் சேர்ந்த சகோதரர்கள். ஹாப்ஸ் லண்டனுக்குச் செய்த உபகாரத்தை அவர்கள் திண்டுக்கல்லுக்குச் செய்வார்கள்.

இப்பரிசின் தீர்ப்பாளர்கள் யாராக இருக்கவேண்டும் என்பது முக்கியமான விஷயம். கடலில் கப்பலின் இருப்பிடத்தை அறியும் வழியைக் காண்போருக்கு 1714-ல் ஆங்கிலப் பார்லிமெண்டு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. தச்சுத் தொழிலில் வளர்ந்த ஜான் ஹாரிஸன் அதற்கேற்ற கடிகாரத்தைச் செய்தார். ஆனால் தீர்ப்பளிக்க உட்கார்ந்தவர்களில் வான சாஸ்திரப் பண்டிதர்கள் செல்வாக்குள்ளவர்கள். வானத்தைப் பார்த்துத் தீர்க்கவேண்டிய விஷயத்தை ஒரு தச்சன் பெட்டிக்குள் அடக்கிவிட்டான் என்பதை அவர்களால் எளிதில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1773-ல், அவருக்கு எண்பது வயதானபோது, பார்லிமெண்டே தலையிட்டு மிகுதித் தொகையைக் கொடுக்க நேர்ந்தது. அத்தகைய அநியாயம் இங்கு நேரலாகாது. தீர்ப்பாளர்களில் பாதிப்பேராவது பட்டறையில் உழைத்தவர்களாக இருக்கவேண்டும். மற்றவர்கள் ஜில்லாவிலுள்ள இஞ்சினீயரிங் கலாசாலைகளிலிருந்து வரலாம். 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. கிராமத் தொழிலுக்காகவே பிறந்த அந்த ஸ்தாபனத்தைக் காட்டிலும் இதை ஏற்று நடத்தத் தகுதியுடையது வேறு எது?

பரிசுப் பணம் மட்டும் போதாது. வென்ற பூட்டைச் சர்க்காரே முதலில் வாங்கவேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நியாய விலைக் கடை, சிறைச்சாலை, அறநிலையத்தைச் சேர்ந்த கோயில் ஆகியவற்றுக்கெல்லாம் பூட்டு வேண்டியிருக்கிறது. டெண்டரில் குறைந்த விலை ஒன்றையே பார்த்து வாங்கினால் நல்ல பூட்டு எக்காலத்திலும் தோற்கும். பத்து வருஷம் உழைக்கும் பூட்டின் விலையை, இரண்டு வருஷத்தில் பழுதாகும் பூட்டின் விலையோடு ஒப்பிடுவது சிக்கனமாகாது. வென்றவரின் பெயரைப் பூட்டின் மேலேயே பொறிக்கவேண்டும். புதிய உத்தியை அவர் கண்டிருந்தால், அதற்குப் பேடண்ட் பெற்றுத்தரும் செலவைப் பரிசு நடத்துவோர் ஏற்கவேண்டும். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. பேடண்டு ஒருவர் மூளையின் விளைவை 20 வருஷம் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

இதற்கு வரக்கூடிய ஆட்சேபங்களையும் நாம் ஆராயாமல் விடலாகாது. தகப்பன் தொழிலையே மகன் செய்யவேண்டும் என்ற பழைய தளையை இது இறுக்கிவிடாதா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2023-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி மத்திய சர்க்கார் தொடங்கிய விசுவகர்மாத் திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. குடும்பத் தொழில் என்ற அதன் நிபந்தனையைக் காரணமாகக் காட்டி, தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ல் அதை அவ்வடிவத்தில் ஏற்க மறுத்தார்கள். பின்னர் 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்ற பெயரில், பரம்பரை என்ற வரம்பில்லாமல், தாங்களே ஒன்றைத் தொடங்கினார்கள். இரு சர்க்கார்களின் வாதத்தில் நாம் இங்கே நுழையவில்லை. பூட்டு யாருடைய ஜாதியையும் கேட்பதில்லை. சரியான சாவியைத்தான் கேட்கிறது. நாம் கோரும் பரிசும் அப்படியே இருக்கவேண்டும். ஆசாரியார் மகனும் வரட்டும். உழவர் மகளும் வரட்டும். பாலிடெக்னிக் மாணவரும் வரட்டும். வென்றது யார் என்பதைப் பூட்டே சொல்லட்டும். கடன் கொடுக்கும் திட்டங்கள் கருவி வாங்க உதவும். எதைச் செய்வது என்ற லட்சியத்தைப் பரிசுதான் கொடுக்கும்.

விரல் ரேகையாலும் எண்களாலும் திறக்கும் மின்சாரப் பூட்டுகள் வந்துவிட்ட காலத்தில் லீவர்ப் பூட்டு எதற்கு என்று வேறு சிலர் கேட்பார்கள். நகரத்து மாளிகைகளுக்கு அவை வரலாம். மின்சாரமும் பாட்டரியும் வேண்டாத, மழையிலும் வெயிலிலும் தோட்டத்துக் கொட்டகையில் தொங்கக்கூடிய பூட்டுக்குக் கோடிக்கணக்கான ஜனங்களிடம் இன்னும் தேவை இருக்கிறது. மேலும், மயிரிழை அளவுக்கு உலோகத்தை இழைக்கத் தெரிந்த கை, பூட்டோடு நின்றுவிடவேண்டிய அவசியமில்லை. மாட்ஸ்லேயின் கை பூட்டிலிருந்து கடைசல் யந்திரத்துக்குப் போயிற்று. திண்டுக்கல் கை எங்கெங்கே போகும் என்பதை இன்றே யார் சொல்லமுடியும்? கை அழிந்துபோனால் அக்கேள்விக்கே இடமில்லை.

செலவைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஒரு மந்திரி வருகைக்குப் போடும் பந்தலுக்கும் வளைவுக்கும் ஆகும் பணத்தில் இதை நடத்திவிடலாம். சர்க்கார் தாமதித்தால் ஊரார் காத்திருக்கவேண்டுமென்பதில்லை. 1929-ல் லட்ச ரூபாயை முன்வைத்தது சர்க்காரல்ல. அந்நிய ஆட்சியை எதிர்த்துக்கொண்டிருந்த ஒரு தேசபக்தர் சங்கம். திண்டுக்கல் வர்த்தகர்களும், மில் முதலாளிகளும், கூட்டுறவுச் சங்கத்தாரும், தேச ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நமது வாலிப நண்பர்களும் ஒன்றுகூடினால், முதற்பரிசை அடுத்த செப்டம்பர் 15-ந் தேதியே வழங்கமுடியும். அதற்குமுன் அவர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. பட்டறை பட்டறையாகச் சென்று, கைதேர்ந்த முதியவர்களிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு பூட்டின் உள்ளமைப்பையும் படமாக வரைந்து வைக்கவேண்டும். அதற்குப் பணமும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம்.

விசுவேசுவரய்யாவின் பெயரால் வருஷந்தோறும் நாம் கூட்டம் கூடிப் பேசுகிறோம். அவர் அமைத்த மதகின் பெருமை, அது வெள்ளம் வந்தபோது திறந்தது என்பதில்தான் இருந்தது. அதைப்பற்றிப் பேசியதில் இல்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இனி அப்பூட்டைச் செய்கிறவருக்குப் பெயரும், வேலையும், நியாயமான கூலியும் கிடைக்கவேண்டும். அதற்குச் சாவி நமது கையில் இருக்கிறது; உபயோகிக்கத் தாமதித்தால் அதுவும் துருப்பிடிக்கும்.